டாலாவுக்குப் பெண் எடுத்த கதை

பள்ளிக்கூடம் பார்க்காத நான்தான் பர்மாவில், ஆற்றின் இக்கரையில் உள்ள டாலாவின் சேற்றில் மண் கொட்டி, மேடாக்கி, எங்கள் தெருவின் முதல் மாடிவீட்டைக் கட்டினேன். இன்று வீதியெங்கும் கடைகள். ஆற்றின்மேல் பாலமும் எழும்புகிறது. ஆனாலும் என் மகனுக்குப் பெண் கேட்டபோது, எதிர்க்கரை நகரத்தின் போட்டாதாங் பகுதியில் இருந்த பெண்ணின் தாயார், "அக்கரைக்கா? வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர்கள் வந்த அன்று பெருமழையில் படகுப் போக்குவரத்து நின்றது. மதிய விருந்தோடு கறியெல்லாம் தீர்ந்திருந்தது. விருந்தாளிகள் தங்குவதைக் கண்ட பர்மியப் பக்கத்து வீட்டார் கூடைகளோடு வந்தார்கள். தாயார் தயங்கினார்.

"இவங்க சமைச்சதை நாம எப்படிண்ணே?"

"தொறந்து பாருங்கம்மா."

முட்டை, கீரை, பச்சை மீன்.

"நாம ஹலால்தான் சாப்பிடுவோம்னு இந்தத் தெருவுக்கே தெரியும்மா. சமைக்காமத்தான் தருவாங்க."

கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர், "மீனை நானே ஆயுறேன். கல்யாணத் தேதியைப் பாருங்கண்ணே" என்றார்.