ஓரகத்தியின் ரோஸ்மேரி தைலம்

முதல் குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் எனக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. அப்போது ராயபுரத்தில், என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணனின் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, பின்னல் இடுப்புக்குக் கீழே விழும். மாதா கோயில் ஞாயிறு பூசையில் இருவரும் முக்காடு போட்டிருப்போம். என் முக்காடு வழுக்கையை மறைக்கும். அவளுக்கோ அதையும் மீறிப் பின்னல் தொங்கும். பூசை முழுக்க நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் கணவருக்குக் கப்பல் சமையலறையில் வேலை. ஏதோ தூரத்துத் துறைமுகத்தில் ரோஸ்மேரி தைலம் ஒரு சின்னக் குப்பி வாங்கி வந்திருந்தார். ஊசி போன்ற இலையிலிருந்து இறக்கியதாம். கற்பூரம் கலந்த பச்சிலைபோல மணக்கும். நான்கைந்து சொட்டைத் தேங்காயெண்ணெயில் கலந்து அவள் வேர்க்காலில் தேய்ப்பாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி வரும் என் கணவரின் தோள்வலிக்கும் அதையே கொடுத்தாள்.

"அண்ணி குடுத்தது நல்லா கேக்குது" என்று அவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

"உனக்கும் கலந்து தரட்டா?" என்று அவளே கேட்டாள்.

"வேணாக்கா" என்றேன். அவளிடம் வாங்கிப் பூசிக்கொள்ள மனம் வரவில்லை.

ஒருநாள் அவள் மீன் வாங்கப் போனதும் குப்பியை எடுத்தேன். கலக்கப் பொறுமையில்லை. பாதிக் குப்பியை அப்படியே உச்சியில் ஊற்றித் தேய்த்தேன். சற்று நேரத்தில் தலை தீயாய்க் காந்தியது.

வாசலில் நுழையும்போதே மணம் அவளுக்குச் சொல்லிவிட்டது. "அடிப்பாவி, அப்படியேவா ஊத்திக்கின? கண்ணை மூடு!" மீன்கூடையைப் போட்டுவிட்டு, தேங்காயெண்ணெய் தடவித் தடவித் துடைத்தெடுத்தாள். "கேட்டா குடுத்திருக்க மாட்டனா? இன்னாத்துக்குடி இந்த வேலை?"

நான் அழுதேன். எரிச்சல் தாங்காமல் அழுவதாக நினைத்துத் தலையில் ஊதிவிட்டாள்.

புண் ஆறியபின் வாரம் இருமுறை அவளே கலந்து தேய்த்துவிட்டாள். சில மாதங்களில் நெற்றியோரம் புதுமுடி முளைத்தது. தைலத்தாலா, பிள்ளை பெற்றவளுக்குத் தானாகவே வளர்வதாலா, தெரியாது. என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். குழாயடியில் என் தலையைத் திருப்பிக் காட்டினாள்: "பாத்தீங்களா, எப்டி வந்துகினு கீது!" அந்தச் சந்தோஷத்தையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாம்மா பூசின?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"எங்கம்மா குடுத்தனுப்பின கரிசலாங்கண்ணி எண்ணெய்" என்றேன்.

ஓரகத்தி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "ஆமா, அவங்கம்மா எண்ணெய்தான்" என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.