மாடியில் குடிவந்த டிஃபெண்டர்

எங்கள் மாடியில் குடிவந்த இங்கிலாந்துக்காரர், தன் நாட்டில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர் என்றார். பின்வரிசையில் நின்று மறிக்கும் டிஃபெண்டராம். நான் நம்பவில்லை. மாடிப்படியையே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்.

"எதையோ மறைக்கிறாருங்க," என்றாள் மனைவி. போனில் தேடினோம். அவர் கோல் போட்ட வீடியோ ஒன்றுகூட இல்லை. சந்தேகம் இன்னும் கூடியது.

சோதித்துப் பார்க்கவே ஒரு ஞாயிறு அவரை வேங்கிக்காலுக்கு, நானும் ஆபீஸ் நண்பர்களும் ஆடும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். பந்தோடு நேராக அவரை நோக்கி ஓடினேன். அவர் அசரவில்லை. லேசாகத் திரும்பி நின்று ஒரு பக்கம் வழிவிட்டார். அந்த வழியில் நுழைந்தேன். பந்து அவர் காலில் இருந்தது. திரும்பத் திரும்ப அதேதான் நடந்தது.

திரும்பும் வழியில் முட்டியிலிருந்த ஆபரேஷன் தழும்பைக் காட்டினார். அதோடு ஆட்டம் முடிந்துபோனதாம். கோல் விழாமல் தடுத்ததை யார் வீடியோ எடுத்து வைப்பார்கள் என்று சிரித்தார்.

நான் வெட்கத்தோடு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரிங்க, ஆடத் தெரியுது. அவ்ளோ பெரிய ஆளு நம்ம மாடிக்கு ஏன் வந்தாரு?" என்றாள்.

அதை நான் கேட்டிருக்கவில்லை.