மேற்கே உதித்த பொழுதும் அக்காவின் விரதமும்

ஓசூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். என் கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் லேத் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். எங்கள் லைன் வீட்டுக்கு அப்போது நாலு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர். அதுவும் விடிவதற்கு முன்னால் வந்து, விடிவதற்குள் நின்றுவிடும். எழுந்து நிற்கவே முடியாத எனக்கு அதை எப்படிப் பிடிப்பது? ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் என் குடங்கள் நிறைந்திருக்கும். வீட்டுச் சொந்தக்கார அம்மாதான் பிடித்து வைக்கிறார்கள் என்று நினைத்து, உடம்பு தேறியதும் போய் நன்றி சொன்னேன்.

"நானா? நல்லா சொன்ன போ. அது கடைசி வீட்டு முனிலட்சுமி. உன் குடத்த ரொப்பிட்டு அவ அரைக் குடத்தோட போவா" என்றார் அந்த அம்மா.

முனிலட்சுமி அக்காவிடம் கேட்டதற்கு, "குழாய்க்கிட்ட நின்னேன், ரொம்புச்சு, வெச்சேன். இதப் போயி பெருசா" என்று பேச்சை மாற்றிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பழக்கம்.

முனிலட்சுமி அக்காவுக்குச் சொந்த ஊர் பேரிகை. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகள் வினோதாவைக் கூலி வேலை செய்து வளர்த்து, கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்திருந்தார். கடையில் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு, சாமியிடமும் எங்களிடமும் தமிழ். மத்திகிரி ரோட்டில் ஒரு பங்களாவில் சமையலும் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையும். ஒரு கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த கிரகாம் சார் என்ற வெள்ளைக்கார என்ஜினியரின் வீடு அது. அவர்கள் குழந்தை எமிலி அக்காவை 'முனிம்மா' என்றுதான் கூப்பிடும். அக்கா ஊட்டினால்தான் சாப்பிடும், அக்கா தட்டிக் கொடுத்தால்தான் தூங்கும்.

வினோதாவுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிற்று. அக்கா மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரரிடம் வேண்டிக்கொண்டார். ஒரு வருஷம் பிரதோஷம் ஒன்றுகூட விடாமல் விரதம் இருக்கிறேன், என் பிள்ளை மடியில் ஒரு பிள்ளையைக் கொடு என்று. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. பொழுது சாய்ந்து, இருட்டி, விளக்கு வைத்த பிறகுதான் வாயில் எதுவும் படலாம். நடுவில் ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித்தான் வேண்டுதல். அன்றைக்கெல்லாம் பங்களாவில் மூன்று வேளையும் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் பட்டினியோடு மலைப்படி ஏறுவார். முக்கால் வருஷம் போவதற்குள்ளேயே வினோதா உண்டானாள். அக்கா சந்தோஷப்பட்டாரே தவிர, விரதத்தைத் தளர்த்தவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் பங்குனியில், அந்த வருஷக் கணக்கின் கடைசி பிரதோஷம் வரும்போது அக்கா லண்டனில் இருந்தார். சார் குடும்பத்தோடு லீவில் போனபோது குழந்தைக்காக அக்காவையும் கூட்டிப் போயிருந்தார்கள். சாரின் மனைவி, மேடம், அமெரிக்காக்காரர். தன் தாயைப் பார்க்க அவர் மட்டும் முன்னால் நியூயார்க் போயிருந்தார். மற்ற மூவரும் பின்னால் போவதாக இருந்தது, அதற்கான பேப்பரெல்லாம் தயார். அந்த நேரத்தில்தான் போன் வந்தது. மேடத்துக்கு வயிற்றில் ஏதோ அடைப்பாம், மறுநாள் காலையில் பெரிய ஆபரேஷன், அதற்கு முன்னால் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாராம்.

சார் யோசிக்கவே இல்லை. மற்ற விமானங்கள் எடுக்கும் நேரத்தில் பாதிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு விமானம் அப்போது இருந்தது. கான்கார்ட் என்று பேர். பெரும் பணக்காரர்கள் போவது. அதில் மூன்று டிக்கெட் வாங்கினார். பேரிகையில் களை எடுத்த எங்கள் அக்கா அதில் ஏறினார்.

"உள்ள போனா நம்ம டவுன் பஸ்ஸவிட ஒடுக்கம்டி" என்று அக்கா பிறகு எனக்குச் சொன்னார். "இந்தப் பக்கம் ரெண்டு சீட்டு, அந்தப் பக்கம் ரெண்டு. ஜன்னல் என் உள்ளங்கை அகலம்தான். ஆனா கெளம்புச்சு பாரு, யாரோ நெஞ்சுல கை வெச்சு சீட்டோட சேத்து அமுக்குற மாதிரி. அய்யோ தேவுடான்னு கத்திட்டேன். பக்கத்து வரிசையில ஒரு கெழவி, பஞ்சாட்டம் தலை, என் கையப் புடிச்சிக்கிட்டா. அவளுக்கு இது பழக்கமாம், சார் சொன்னாரு. நம்ம ஊரு பொம்பளைங்க கிருஷ்ணகிரி சந்தைக்குப் போற மாதிரி போயிட்டு வருவாளாம்."

ஏறுவதற்கு முன்னாலேயே, விமான நிலையத்துக் கண்ணாடி வழியாகப் பொழுது சாய்ந்ததை அக்கா கண்ணால் பார்த்துவிட்டார். நெற்றியில் திருநீறு பூசி, நன்றாக இருட்டும்வரை காத்திருந்தார். விளக்கேற்ற இடமில்லை, மனசிலேயே ஏற்றிக்கொண்டார். விமானம் மேலே போன பிறகு பீங்கான் தட்டில் சாப்பாடு வந்தது. குழந்தைக்கு ஊட்டிவிட்டு, கறி மீன் எல்லாம் ஒதுக்கிவிட்டு, கையில் கொண்டுபோன வாழைப்பழத்தையும் ஒரு துண்டு ரொட்டியையும் சாப்பிட்டார். ஒரு வருஷ விரதம் நல்லபடியாக முடிந்தது என்று கண்ணை மூடினார்.

"முனிம்மா, முனிம்மா, விடிஞ்சிருச்சு!" என்று எமிலி உலுக்கியது. அந்தக் குழந்தை தமிழில்தான் அக்காவிடம் பேசும்.

"சும்மா தூங்கு பாப்பா, இப்பதான் இருட்டுச்சு" என்றார் அக்கா.

"இல்ல, பாரு!"

கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெளிச்சம். சாய்ந்த பொழுது, சாய்ந்த பக்கமே, மேற்கிலேயே, மெல்ல மேலே ஏறி வருகிறது. விமானத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பஞ்சுத்தலைக் கிழவி சிரித்துக்கொண்டே ஜன்னலைக் காட்டினாள். கீழே மேகம் பொன்னாக விரிந்திருக்க, மேலே வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்ததாம். கண்ணாடியைத் தொட்டால் கதகதவென்று இருந்ததாம்.

எல்லோரும் அதிசயம் பார்த்தார்கள். அக்கா மட்டும் தன் தட்டைப் பார்த்தார். பொழுது மேலே நிற்கிறது. வயிற்றில் சாப்பாடு கிடக்கிறது.

"சார், இது பகலா ராத்திரியா?" என்று கேட்டிருக்கிறார்.

சாருக்கு அக்காவின் பயம் தெரியாது. "ரெண்டும்தான்! பூமி சுத்துறதவிட நாம வேகமாப் போறோம். ஓடிப்போன சூரியனத் துரத்திப் புடிச்சிட்டோம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் குதூகலமாகச் சொன்னார்.

மீதித் தட்டை அக்கா நகர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு வந்த இனிப்பு, பழம், ஜூஸ் எதையும் தொடவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு கையையும் இறுக்கக் கூப்பிக்கொண்டு, "உன் கோவத்த என் பிள்ள மேல காட்டிராத, என் பிள்ள மேல காட்டிராத" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாராம். நியூயார்க்கில் இறங்கும்போதும் வெயில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய், மேடம் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகு, வராந்தாவில் நின்று, உயரமான கட்டடங்களுக்கு நடுவே அதே பொழுது இரண்டாவது தடவை சாய்வதைப் பார்த்தார். "ஆச்சா சார்? இனி வராதில்ல?" என்று கேட்டுவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தார். மேடத்துக்கு மறுநாள் ஆபரேஷன் நல்லபடி நடந்தது.

சித்திரையில் அக்கா ஊர் திரும்பினார். நாங்கள் இருவரும் மலைக்குப் போய்க் குருக்களிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கையிலிருந்த விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நீ இருட்டினப்புறம்தானே சாப்பிட்ட? அதோட அன்னிக்கு விரதம் பூர்த்தி. அப்புறம் சூரியன் வந்தா அது அவர் பாடு. மனசப் போட்டுக் குழப்பிக்காதே."

எனக்குப் பெரிய நிம்மதி. படியிறங்கும்போது, "தீர்ந்துச்சு, விடுக்கா" என்றேன்.

அக்கா நாலு படி இறங்கி நின்றார். "குருக்கள் சொல்றது சரிதான். ஆனா நான் வேண்டிக்கிட்டது பகல்ல சாப்பிட மாட்டேன்னு. அன்னிக்கு ஒரே நாள்தான, ரெண்டு நாள் இல்லியே. அந்த நாள் முடியுறதுக்குள்ள நான் சாப்பிட்டுட்டேன்."

"ஆகாசத்துல யாருக்கா பார்த்தா?"

"நான் பார்த்தனே."

மறு பிரதோஷத்திலிருந்து புதுக் கணக்கு தொடங்கிவிட்டார். வினோதா போனில் அழுதாள். "அம்மா, நீ மயங்கி விழுந்து செத்தின்னா எனக்கு அது நல்லாருக்குமா? எனக்காக இருந்ததெல்லாம் போதும்." அக்கா எதிர்த்துப் பேசமாட்டார், உம் கொட்டுவார், ரிசீவரை வைத்ததும் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். மனசு கேளாமல் நானும் கூட விரதம் இருக்கிறேன் என்றேன். "நீ எந்த ஏரோப்ளேன்ல போன? போயி புள்ளைங்களுக்குச் சோறாக்கு" என்று விரட்டினார். இருந்தாலும் நான் விடவில்லை.

இதற்குள் கதை லைன் முழுக்கப் பரவிவிட்டது. நம்பியவர் யாருமில்லை. முக்கில் டீக்கடை வைத்திருந்த ஆஞ்சப்பன்தான் ரொம்ப மோசம்.

"என்னா முனிலட்சுமி, இன்னிக்கி சூரியன் எந்தப் பக்கம்? மேக்காலயா, தெக்காலயா? சொன்னின்னா துணி காயப்போட வசதியா இருக்கும்."

"உன் டீயில பால் எந்தப் பக்கம் இருக்குதுன்னு நீ மொதல்ல காட்டு. அப்புறம் நான் சூரியனக் காட்டுறேன்" என்பார் அக்கா. கடையில் இருப்பவர்கள் சிரித்து ஓய நேரமாகும்.

ஆவணியில் வினோதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். இனியாவது அக்கா விடுவார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்த நாள் பிரதோஷம். வினோதாவின் மாமியார் ஜாங்கிரி நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அதான் தங்கக்கட்டியாட்டம் பொறந்திருச்சே சம்பந்தி, இன்னும் என்னாத்துக்கு?"

"கேட்டது கையில வந்ததும் எந்திரிச்சிப் போனா அது யாவாரமுங்க" என்றார் அக்கா. "ஜாங்கிரிய மூடி வையுங்க. பொழுது போவட்டும், நானே கேட்டு வாங்கித் திங்கிறேன்."

குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, பாட்டியின் மூக்கைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இரண்டாவது வருஷம் முடிந்தது. கடைசி நாள் இருட்டிய பிறகும் அக்கா குழாயடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். "இனி வராதுக்கா, சாப்பிடு வா" என்று நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இரண்டாயிரத்து மூன்று ஐப்பசியில் ஒரு நாள் ஆஞ்சப்பன் கடை டிவியில் அந்த விமானத்தைக் காட்டினார்கள். இனிமேல் அது பறக்காதாம், அன்று கடைசிப் பயணமாம். அக்காவைக் கூட்டி வந்தேன். "அதேதான்டி, மூக்கு கீழ தொங்குது பாரு" என்று அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அதில் பயணம் செய்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். சிலர் அழுதார்கள். தலை நரைத்த ஒரு மனிதர் பேசியதைச் செய்தி வாசிப்பவர் தமிழில் சொன்னார்: "மாலையில் புறப்பட்டால், மறைந்த சூரியன் மேற்கில் மீண்டும் உதிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதை என்னால் மறக்க முடியாது என்றார் இந்தப் பயணி."

கடையில் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆஞ்சப்பன் வடிகட்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஒரு கிளாஸைக் கழுவி, டீ போட்டு, இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தார்.

"எடுத்துக்க முனிலட்சுமி. தண்ணி ஊத்தல, சுத்தப் பாலு."

"நான் போறப்ப நீயும் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்த அக்கா, டிவியைப் பார்த்து, "பாவம், நல்லா ஓடிட்டிருந்த வண்டி" என்றார்.

சார் குடும்பம் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. வினோதாவுக்கு அடுத்தது பிறந்தபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்கா கிருஷ்ணகிரிக்கே போவதாக முடிவாயிற்று. இரண்டாயிரத்து ஐந்து தை மாதம், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான்தான் ஏற்றிவிட்டேன். அடுத்த வருஷம் ஒரு காய்ச்சலில் அக்கா போய்விட்டார். நான் அப்போது ஊர் மாறித் துறையூரில் இருந்தேன், முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆகவே அந்தப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுதான் கடைசி.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "அக்கா, அந்த ஏரோப்ளேன் திரும்ப ஓடுச்சுன்னா, ஏறச் சொன்னா ஏறுவியா? உன்ன அந்தப் பாடு படுத்துச்சே" என்று கேட்டேன்.

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். நான் கூடவே நடந்தேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"ஏறுவேன்டி பொற்கொடி. அப்படி ஒரு பொழுத எனக்குக் காட்டுனான். அன்னிக்குப் பயத்துல நான் சரியாவே கும்பிடல."