தோற்ற பயில்வானின் கை

கெங்குவார்பட்டி மலைச்சாமி குஸ்தியில் ஜெயித்ததை யாரும் பார்த்ததில்லை. ஆள் என்னவோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்புதான். ஆனால் கோதாவில் எதிராளியைப் பிடித்ததும், இவனுக்கு எங்கே வலிக்குமோ என்ற யோசனை வந்துவிடும். பிடி தளரும். அடுத்த நொடி மலைச்சாமி மல்லாந்து கிடப்பான்.

ஒரு பங்குனித் திருவிழாவில் சின்னமனூர் வண்டிக்காரன் முத்துவீரனிடமும் அப்படித்தான் தோற்றான். மறுநாள் முத்துவீரனே வீடு தேடி வந்து நின்றதும் மலைச்சாமிக்குத் திக்கென்றது.

“நேத்து நீ என் இடுப்பப் பிடிச்சு முறுக்குனேல்ல, அங்கன ரொம்ப நாளா ஒரு வலி கெடந்துச்சு. காலையில எந்திரிச்சுப் பாத்தா காணோம். இன்னொரு தடவ பிடிச்சு விடப்பா” என்றான் அவன்.

குமுளி மலையில் மாட்டோடு மாடாக வண்டியைத் தள்ளி ஏற்றுகிற உடம்பு அது. மலைச்சாமி நல்லெண்ணெயைச் சூடாக்கி, இடுப்பிலும் கெண்டைக்காலிலும் முழு பலத்தையும் இறக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த முத்துவீரன், எழுந்து வாசலில் இரண்டு குதி குதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கொஞ்ச நாளில் மற்ற வண்டிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். மலைச்சாமி கோதாவை மறந்தான். ஜெயிக்கிற வேலை ஒன்று கைக்கு வந்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

அந்த நினைப்போடுதான் ஆண்டிபட்டி நெசவாளர் அழகுமலையின் தோளில் கை வைத்தான். நாள் முழுக்கத் தறியில் இழுத்து இழுத்து இறுகிப்போன மெல்லிய தோள். வண்டிக்காரர்களுக்குக் கொடுத்த அதே அழுத்தத்தை அங்கேயும் கொடுத்தான். கூச்சக்காரரான அழகுமலை வாயே திறக்கவில்லை. மறுநாள் தோள் வீங்கிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை, தறி சும்மா கிடக்கிறது என்று சேதி வந்தது. மலைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் மனைவி சந்தனம்மாள், பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “கைய நீட்டுங்க” என்றாள்.

அவன் முழங்கையில் எண்ணெய் தொட்டு விரல்களை ஓடவிட்டாள். அழுத்தமே இல்லை. ஆனாலும் கை முழுக்க இதமாக இருந்தது.

“பச்சப்புள்ளைக்கு இம்புட்டுத்தான். பெத்தவளுக்கு இடுப்புல கொஞ்சம் கூட அழுத்தலாம். வயித்துல கை வைக்க அவ சரிங்கணும். ஒடம்பு வெறச்சுக்கிட்டு நின்னா நம்ம கையும் நின்னுரணும்.”

“ஏ புள்ள, இத முன்னமே சொல்லக்கூடாதா?”

“நீங்க கேட்டீகளா?”

வீக்கம் வடியும்வரை அந்தத் தோளைத் தொடவே கூடாது என்றும் சொன்னாள். வடிந்துவிட்டது என்று தெரிந்ததும் மலைச்சாமி ஆண்டிபட்டிக்கு பஸ் ஏறினான். அவனைக் கண்டதும் அழகுமலை தறியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“பயில்வானே, எனக்குச் சொகமாயிருச்சு. நீ போயிட்டு வா.”

“தப்பு என்னுதுதான். வலிச்சா ‘ம்’முன்னு ஒரு சத்தம் குடுங்க, கைய எடுத்துர்றேன்.”

அரை மனதாக உட்கார்ந்தவர், கை படும் முன்பே ‘ம்’ என்றார். மலைச்சாமி கையை எடுத்தான். மறுபடி ‘ம்’. மறுபடி எடுத்தான். சலிக்காமல் வெந்நீர்த் துணியால் ஒற்றடம் கொடுத்து, விரல் நுனியால் மட்டும் நீவினான். ‘ம்’ குறைந்துகொண்டே வந்து நின்றது. விறைத்திருந்த தோள் தானாகத் தாழ்ந்து, விரலுக்கடியில் இறுக்கம் இளகியது. கோதாவில் ஒருநாளும் கிடைக்காத சந்தோஷம் மலைச்சாமிக்கு.

அழகுமலை கையைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தார். தறிக்குழியில் இறங்கி இரண்டு இழுப்பு இழுத்தார். “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார்.

அதற்குப் பிறகு ஆளைக் கேட்காமல் மலைச்சாமி எண்ணெயைத் தொட்டதில்லை. ஏலக்காய்த் தோட்டத்துச் சுமைக்காரர்களுக்கு ஒரு அழுத்தம், கிழவர்களுக்கு வேறு அழுத்தம். காய்ச்சலோடோ, கால் வீங்கியோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவான். பெண்கள் சந்தனம்மாளிடம் வந்தார்கள். அங்கே கூட்டம் இன்னும் அதிகம்.

தூக்கமே வராத வயற்காட்டுச் சம்சாரி நல்லகண்ணு வந்த அன்று மட்டும் கொஞ்சம் திண்டாட்டம். உள்ளங்காலை நீவத் தொடங்கியதுமே அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். எழுப்ப மனசு வரவில்லை. சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டியபடி எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்த மலைச்சாமி, அடுத்த ஆளை வேப்பமரத்தடியிலேயே உட்காரவைத்தான்.