கிழக்கே திரும்பிய தகடு

வீரம்மா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இத்தனை பாடு இல்லை. ஆனால் அது மூடிக்கொண்டு இருக்கிற வாயா?

மலையில், வடகவுஞ்சி ஊருக்கு மேலே அவளுக்கு முக்கால் ஏக்கர் பீன்ஸ் காடு. அதன் மேட்டில் இன்ஜின் கழன்ற பழைய வேன் ஒன்று. அதுதான் வீடு. கடலுக்கு அந்தப்புறம் பதுளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கப்பலேறி வந்து, முப்பது வருஷம் யார் யாரோ கொடுத்த கூரைக்கு அடியில் படுத்தவள், சொந்த மண்ணில் தகரமே போதும் என்று வந்துவிட்டாள். கரண்ட் மட்டும் இல்லை. கம்பம் நடப் பக்கத்து எஸ்டேட் இராமலிங்கம் இடம் விடவேண்டும். அவருக்கோ அந்த மேட்டில் காட்டேஜ் கட்ட ஆசை.

"இருட்டுல எத்தன நாளைக்கு இருப்பே? மார்கழிக்குள்ள நீயே எறங்கிருவே" என்றார்.

"என் வெளக்கு எரியாத ஒரு சாயந்திரத்தக் காட்டுங்க மொதலாளி, அன்னைக்கே பத்திரம் எழுதித் தாரேன்."

அது 2006 ஐப்பசி. திண்டுக்கல்லிலிருந்து கடைப் பையன் பிரதீப் வந்து, வேன் கூரையில் சோலார் தகட்டைத் தெற்கே சாய்த்து முடுக்கி, உள்ளே பேட்டரியை வைத்துவிட்டுப் போனான். நாலே நாள் நன்றாக எரிந்தது. ஐந்தாம் நாள் ஏழு மணிக்கெல்லாம் விளக்கு மங்கத் தொடங்கியது. கீழே பங்களா வராந்தாவில் இராமலிங்கம் நாற்காலி போட்டு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரம்மா விளக்கையும் வராந்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பயம்தான், மறைப்பானேன். அவர் எழுந்து உள்ளே போனதும் விளக்கு அணைந்தது.

மறுநாள் களையெடுக்கிற சோலியை விட்டுவிட்டுத் தகட்டின் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் நல்ல வெயில். பதினொன்றரைக்குப் பள்ளத்திலிருந்து மேகம்போல மஞ்சு ஏறியது. அதற்கப்புறம் சூரியனைக் காணோம். பூமாதிரி வெயில் காலையில் வீணாகப் போக, தகடு மத்தியான வெயிலுக்குக் காத்துக் கிடந்திருக்கிறது! ஸ்பேனரை எடுத்து அதைக் கிழக்கே திருப்பினாள்.

போனில் பிரதீப் கத்தினான். "அக்கா, தெக்கதான் வைக்கணும், புக்லயே போட்டிருக்கு!"

"அந்த புக்க எழுதுனவரு வடகவுஞ்சிக்கு வந்தாராப்பா?"

கூடவே தனக்கொரு சட்டமும் போட்டாள். போன் சார்ஜ் காலை வெயிலில் மட்டும். மஞ்சு ஏறிவிட்டால் ரேடியோவும் கிடையாது. சாயந்திரம் இருப்பதெல்லாம் விளக்குக்கே. அதற்கப்புறம் விளக்கு மங்கவில்லை.

கார்த்திகையில் புயல் மழை. மரம் சாய்ந்து எஸ்டேட்டுக்கு வருகிற கம்பி அறுந்து கம்பமும் விழுந்தது. இரண்டு நாள் வெயிலே இல்லை; வீரம்மா பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் மட்டும் விளக்கைப் போட்டாள். மூன்றாம் நாள் காலை மூன்று மணி நேரம் வெயில் அடித்தது. கிழக்கே பார்த்த தகடு ஒரு சொட்டு வெயிலையும் விடவில்லை.

அன்று சாயந்திரம் இராமலிங்கம் செத்த போனோடு மேடேறி வந்தார்.

"கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடு வீரம்மா. வேணும்னா கம்பத்த என் எடத்துலயே நட்டுக்க."

"காலையில எட்டு மணிக்குக் கொண்டாங்க மொதலாளி. சாயந்திரம் வெளக்குக்கு மட்டுந்தான், எனக்கும் அதே சட்டம். கம்பம் எனக்கெதுக்கு? ஒங்க கம்பமே மூணு நாளா படுத்துல்ல கெடக்கு."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். வழி வழுக்கல், இருட்டிவிட்டது. வீரம்மா விளக்கைப் போட்டு வேன் கதவை அகலத் திறந்து வைத்தாள். அவர் பங்களா கேட்டுக்குப் போய்ச் சேரும்வரை மூடவில்லை. வழியும் தெரியட்டும், எரிகிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டும் போகட்டும்.