எதற்கும் ‘முடியும்’ என்றே சொல்லிப் பழகியவர்

என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். மலைமலையாகக் காகிதம் மடித்து, தைத்து, பசை தடவி அட்டை போட்ட கை அது. மூட்டுவாதம் வந்து விரல்கள் ஆளுக்கொரு திசையாகத் திரும்பிக்கொண்டதும் வேலை போயிற்று. ஆனாலும் மாடியில் ஒற்றை அறை எடுத்து, தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு ராணி மாதிரி இருந்தார்.

என் கணவர், அதாவது அவருடைய தம்பி, ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். உடல் ஊனத்துக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை கிடைத்தால் ஒத்தாசைக்கு ஆள் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அவருக்குக் கூடத்து மூலைதான் கிடைக்கும். அண்ணியின் முகம் செத்துப்போயிற்று.

ஏற்கனவே ஒருமுறை விண்ணப்பித்துக் கோட்டை விட்டவர் அவர். எப்படி விட்டார் என்று கேளுங்கள். ஆபீசுக்குப் போகிறோமே, நாலு பேர் பார்ப்பார்களே என்று வலி மாத்திரையைக் கூடுதலாக விழுங்கி, தேய்த்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போய், கேட்டதற்கெல்லாம் முடியும், முடியும் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். அப்புறம் எவன் கொடுப்பான்? எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால் இந்தத் தடவை விண்ணப்பிக்கும் முன்பே நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். விசாரணை மேசையில் இருந்த அம்மாளிடம், யாருக்குத்தான் கொடுப்பீர்கள் என்று சூடாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நோயின் பெயரை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை, அந்த நோயால் என்ன செய்ய முடியவில்லை என்பதுதான் கணக்கு என்றார்.

“ஒரு தடவை செஞ்சு காட்டுறது பெரிசில்லம்மா. தினமும், யார் துணையும் இல்லாம, ஆபத்தில்லாம செய்ய முடியுதா? எவ்வளவு நேரம் ஆகுது, எவ்வளவு வலிக்குது? எல்லாத்தையும்தான் பார்ப்போம். முதல்ல கூட இருந்து கவனிங்க. தகுதி இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.”

மறுநாள் காலை அண்ணியின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். கூடமாட உதவ மாட்டேன், வேடிக்கைதான் பார்ப்பேன் என்றேன்.

அம்மாடி! குழாயை முழங்கையால் திறந்தார். ஜாடி மூடியைக் கதவிடுக்கில் கவ்வக் கொடுத்து, ஜாடியைக் கட்டிக்கொண்டு உடம்போடு திரும்பினார், மூடி கழன்றது. இழுப்பறை, அலமாரி, பை எல்லாவற்றிலும் பைண்டிங் நூலில் வளையம். மணிக்கட்டை நுழைத்து இழுத்தார். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கவே இல்லை. மேடையில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் நகர்த்தி நகர்த்தியே கொண்டுபோனார். சீப்பு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. தலையை அசைத்து அசைத்து அதிலேயே வாரிக்கொண்டார். இந்த மண்டைக்குள் எத்தனை மூளையடி என்று நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கைகூப்பத் தோன்றியது. ஒரு குவளை தேநீர் என் கைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

“பாத்தியா, எல்லாம் முடியுது” என்றார் பெருமையாக.

“இல்ல அண்ணி. நான் ரெண்டு நிமிஷத்துல செய்யறதுக்கு நீங்க ஒரு காலைப்பொழுதையே குடுக்கறீங்க. அதை அப்படியே அங்க சொல்லணும்.”

அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கையேந்த நாடகம் ஆடச் சொல்கிறாயா என்றார். போன தடவை ஆடியதுதான் நாடகம் என்று நானும் விடவில்லை. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் விண்ணப்பித்த பிறகு வந்த மருத்துவப் பரிசோதனைக்கு வழக்கமான மாத்திரையோடும் வீட்டில் போடும் உடுப்போடும்தான் வந்தார்.

மருத்துவர் அந்த விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்களே உடுத்திக்கொள்வீர்களா என்று கேட்டார். பழக்கதோஷம், அண்ணியின் தலை ஆடத் தொடங்கிவிட்டது. பாதியில் தலை நின்றது. அவர் இன்றைக்கும் அந்த மாடி அறையிலேயே இருக்கிறார் என்றால், அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் காரணம்.

“பொத்தான் போடறதுக்குள்ள அழுதுடுவேங்க. தினமும்தான். அன்னிக்கு இவ வேடிக்கை பார்க்க வரேன்னு சொன்னாளா, விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அழுது முடிச்சு, முகத்தைக் கழுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.”