கழுவாத கார்

வலையும் நண்டும் ஏற்றுகிற எங்கள் ஹைபிரிட் காரில் எச்சரிக்கை விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது. பொன்னேரி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் எரியவே எரியாது. "ஒண்ணுமில்லையே சார்" என்பார் மெக்கானிக். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மனைவிதான் கேட்டாள்: "வலையெல்லாம் எறக்கி, நாத்தம் போகக் கழுவி எடுத்துனு போறியே, ஜுரம் வுட்டப்புறம் டாக்டராண்ட போனா அவருக்கு இன்னா தெரியும்?"

அடுத்த முறை விளக்கு எரிந்ததும் அவளே ஓட்டிப்போனாள், நாற்றத்தோடு. மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்சீட்டு வலை மூட்டையைத் தூக்கினார். சீட்டுக்கடியில் இருக்கும் பேட்டரி சூடாகாமல் காற்றுப் போகும் துவாரத்தை அது அடைத்திருந்தது.

நான் கோளாறை வீட்டில் இறக்கிவைத்துவிட்டுக் காரை மட்டும் கொண்டுபோயிருக்கிறேன். அவள்தான் கோளாறையும் ஏற்றிக்கொண்டு போனாள்.